கமலாதேவி அம்மாவும் எங்கள் சாயத் தொட்டியும்



நம்ம மலருக்கு ஒரு தலைவரோட வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரணும்னு மாதக் கூட்டத்துல சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். குழுவோட தீர்மான நோட்டு எழுதி எழுதித்தான் எனக்குக் கையெழுத்தே திருந்தியது. அதனால பெரிய எழுத்தெல்லாம் எதிர்பார்க்காதீங்க. எங்க குழு உடையாம இருக்கறதுக்குக் காரணமா இருந்த ஒரு அம்மாவைப் பற்றி எழுதறேன். அவங்களை நான் நேர்ல பார்த்ததில்லை. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே அவங்க காலமாயிட்டாங்க. பேர் கமலாதேவி சட்டோபாத்யாய்.

முதல்ல எங்க கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன். அப்பத்தான் அம்மாவோட கதை எங்களுக்கு ஏன் வேண்டியிருந்ததுன்னு புரியும்.

எங்க குழுவுல 12 பேர். திருவண்ணாமலை கிரிவலப் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி எங்க ஊர். மூணு வருஷத்துக்கு முன்னால செடி, பூ, வேர், பட்டை இதுல சாயம் எடுத்துப் பட்டு நூலுக்கும் கம்பளி நூலுக்கும் போடற தொழிலை ஆரம்பிச்சோம். சாயம் போட்ட பட்டு நூலை ஆரணிப் பக்கம் நெசவாளர்கிட்ட கொடுத்து மேல்துண்டா நெய்து வாங்குவோம். கம்பளி நூலைச் சால்வையா நெய்யக் கொடுப்போம். மார்கழி, தை மாசத்துல ஆசிரமங்களுக்கு வர்ற வெளியூர், வெளிநாட்டு ஆளுங்க அதை விரும்பி வாங்குவாங்க. வங்கிக் கடன் வாங்கித்தான் தொட்டி, அடுப்பு, நூல் எல்லாம் வாங்கினோம்.

முதல் வருஷம் 40 மஞ்சள் துண்டு ஒரு கடைக்குக் கொடுத்தோம். அவசரத்துல சமையல் மஞ்சள்லயே சாயம் போட்டுட்டோம். பார்க்கறதுக்குத் தங்கம் மாதிரி இருந்தது. ஆனா மஞ்சள் வெயில்ல நிக்காது. ரெண்டு மாசத்துல வெளுத்துப் போச்சுன்னு 31 துண்டு திரும்பி வந்தது. தப்பு எங்க மேலதான். கடைக்காரர் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. கடன் தவணை மட்டும் அப்படியே நின்னது.

அந்த நேரத்துல ஒரு வியாபாரி வந்தார். பாக்கெட் சாயத்துலயே போடுங்க, மூலிகைச் சாயம்னு அட்டை ஒட்டிக்கலாம், மாசம் 200 துண்டு நான் எடுத்துக்கறேன்னு சொன்னார். கூட்டம் போட்டோம். ஏழு பேர் சரின்னாங்க, அஞ்சு பேர் வேண்டாம்னாங்க. சரின்னு சொன்ன ஏழு பேர்ல நானும் ஒருத்தி. மறைக்காம எழுதறேன். சண்டை பெரிசாயிடுச்சு. முடிவு எடுக்காம ஒரு வாரம் தள்ளி வெச்சோம். அதே வாரம் எங்களுக்கு இயற்கைச் சாயப் பயிற்சி அஞ்சு நாள் ஏற்பாடாகியிருந்தது. அங்க சொல்லிக் கொடுத்த அம்மா வாயிலிருந்துதான் கமலாதேவி பேரை முதல்ல கேட்டேன். அப்புறம் நூலகத்துல எடுத்துப் படிச்சேன். என் மகளும் காலேஜ்ல இருந்து ஒரு புத்தகம் கொண்டு வந்து கொடுத்தாள்.

கமலாதேவி அம்மா பிறந்தது 1903 ஏப்ரல் 3, மங்களூரில். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. அப்பா பெரிய அரசு அதிகாரி. வசதியான வீடு. ஆனால் அம்மாவுக்கு ஏழு வயது இருக்கும்போது அப்பா இறந்து போனார். அவர் உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. சொத்து முழுக்க அப்பாவின் மூத்த தாரத்து மகனுக்குப் போனது. மனைவிக்கும் பெண் பிள்ளைகளுக்கும் மாதா மாதம் கொஞ்சம் பணம் தருவதாகச் சொன்னார்கள். தாயார் கிரிஜாபாய் அதை வேண்டாம் என்று மறுத்து, தன் சீதனத்தை வைத்தே பிள்ளைகளை வளர்த்தார். நம்ம தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989 இல்தான். அதற்கு 80 வருஷத்துக்கு முன்னால் நடந்த கதை இது. கையில் தனக்கென்று ஒன்றும் இல்லாத பெண்ணின் நிலைமையைக் கமலாதேவி சின்ன வயதிலேயே தன் வீட்டில் பார்த்துவிட்டார்.

14 வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் விதவையான சிறுமி என்றால் மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். இந்தப் பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். சென்னை வந்து ராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சரோஜினி நாயுடுவின் தங்கை சுஹாசினி தோழியானார். அவர்களின் சகோதரர் ஹரீந்திரநாத் கவிஞர், நாடகக்காரர். 20 வயதில் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். விதவை மறுமணம், அதுவும் வேறு மொழி, வேறு ஊர். சொந்தக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரு மகன் பிறந்தான். நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடை ஏறக் கூடாது என்றிருந்த நாளில் அம்மா நாடகத்தில் நடித்தார். பின்னாளில் அந்தக் கல்யாணமும் ஒத்துவராமல் போனபோது, நீதிமன்றம் போய் முறைப்படி விவாகரத்து வாங்கினார். ஊர் என்ன பேசும் என்று பயந்து எதையும் நிறுத்தியவர் இல்லை.

1926 இல் சென்னை மாகாணச் சட்ட சபைத் தேர்தலில் பெண்களும் நிற்கலாம் என்று அனுமதி வந்தது. உடனே கமலாதேவி நின்றார். பிரசாரத்துக்குக் கிடைத்தது சில நாள்தான். மிகக் குறைந்த ஓட்டில் தோற்றார். ஆனால் தேர்தலில் நின்ற முதல் பெண் என்று பேர் வாங்கிவிட்டார். அதைத் தொடர்ந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சபைக்கு நியமனமாகி உள்ளே போனார். இன்று நம்ம பஞ்சாயத்துகளில் எத்தனை பெண் தலைவர்கள்! அந்த வாசற்படியை முதலில் மிதித்தவர்கள் இவர்கள்தான். அடுத்த வருஷம் தொடங்கிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்குக் கமலாதேவி அமைப்புச் செயலாளர் ஆனார். பெண் கல்விக்கும் குழந்தைத் திருமணத்துக்கு எதிராகவும் ஊர் ஊராகச் சுற்றினார்.

1930 இல் உப்புச் சத்தியாகிரகம். காந்தியின் தண்டி யாத்திரையில் நடந்தவர்கள் எல்லாம் ஆண்கள். பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று கமலாதேவி காந்தியிடமே போய் வாதாடினார், அனுமதியும் வாங்கினார். பம்பாய்க் கடற்கரையில் உப்புக் காய்ச்சினார். பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு பங்குச் சந்தைக்குள்ளேயே நுழைந்து விற்றார். கைதாகிச் சிறை போனார். அதற்குப் பிறகும் பல தடவை சிறை. நாலைந்து வருஷம் உள்ளேயே போயிருக்கிறது.

நாடு விடுதலை ஆனதும் அம்மா நினைத்திருந்தால் பெரிய பதவியில் உட்கார்ந்திருக்கலாம். அவர் போனது அகதிகள் முகாமுக்கு. பிரிவினையில் வீடு வாசல் இழந்து டெல்லிக்கு வந்த ஜனங்கள் கூடாரத்தில் கிடந்தார்கள். அவர்களுக்காக 1948 இல் இந்தியக் கூட்டுறவு யூனியன் என்ற அமைப்பைத் தொடங்கினார். சோறு போட்டு வைத்திருப்பது போதாது, ஜனங்கள் தாங்களே உழைத்துத் தாங்களே நடத்தும் சங்கம் வேண்டும் என்பது அவர் எண்ணம். எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்த சுமார் 50,000 பேருக்காக டெல்லி பக்கத்தில் ஃபரீதாபாத் நகரம் உருவானபோது, வீடு கட்டும் வேலையையும் தொழிலையும் அந்த ஜனங்களே செய்யும்படி நின்று பாடுபட்டார்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு நம்ம குழுதான் ஞாபகம் வந்தது. சந்தா போட்டு, உள்கடன் கொடுத்து, நோட்டை நாமே எழுதி, பேங்குக்கு நாமே போய் நிற்கிறோமே, அந்தப் பாதைக்கு அப்போதே கல் உடைத்தவர் இவர்.

1952 இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் உண்டானது. அதன் தலைமைப் பொறுப்பில் அம்மா பல வருஷம் இருந்தார். நாடு முழுக்கச் சுற்றினார். குயவர், தச்சர், நெசவாளர், சாயக்காரர் என்று வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, எந்தத் தொழில் உயிரோடு இருக்கிறது, எது சாகப் போகிறது என்று பார்த்தார்.

அதில் சாகும் நிலையில் இருந்தது செடிச் சாயம். அதற்கும் ஒரு கதை இருக்கு. 1856 இல் லண்டனில் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்கு மருந்து செய்யப் பார்க்கும்போது தற்செயலாக ஊதாச் சாயம் கிடைத்தது. கரியிலிருந்து கிடைக்கும் கழிவிலிருந்து வந்த சாயம் அது. அடுத்த 15 வருஷத்துக்குள் மஞ்சிட்டி வேரின் சிவப்பையும் ரசாயனத்தில் செய்துவிட்டார்கள். 1897 இல் ஜெர்மன் கம்பெனி செயற்கை நீலத்தை விற்க ஆரம்பித்தது. நம்ம திண்டிவனம் பக்கமெல்லாம் அவுரி போட்டு நீலம் எடுத்த பூமி. விலை விழுந்து, பயிர் குறைந்து, தொட்டிகள் காய்ந்தன. சாயவேர் தோண்டினவங்களுக்கும் வேலை போச்சு. ரெண்டு மூணு தலைமுறையில் கைப்பக்குவமே மறந்து போனது.

திருவண்ணாமலை அக்னித் தலம் என்றால் காளஹஸ்தி வாயுத் தலம். ரெண்டும் பஞ்சபூதத் தலம். அந்தக் காளஹஸ்தியில்தான் துணியில் எழுதுகோலால் சாமி கதைகளை வரைந்து செடிச் சாயம் ஏற்றும் கலம்காரி வேலை நடந்துவந்தது. 1950களில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். கமலாதேவியின் முயற்சியால் கைவினை வாரியம் அங்கே ஒரு பயிற்சி நிலையம் வைத்தது. தெரிந்த பெரியவர்களை ஆசிரியராக்கி, பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்தார்கள். இன்று காளஹஸ்தியில் நூற்றுக்கணக்கான குடும்பம் அந்த வேலையில் பிழைக்கிறது. பெண்களும் நிறையப் பேர்.

அந்த வேலையின் பக்குவத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். முதலில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த தண்ணீரில் நனைத்துக் காய வைப்பார்கள். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் போட்டு ஊற வைத்த தண்ணீரைத் தொட்டு வரைந்தால், கடுக்காய் ஏறிய துணியில் அது கறுப்பாகும். பிறகு படிகாரத் தண்ணீரால் வரைவார்கள். அது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அப்புறம் துணியைச் சிவப்பு வேர் போட்டுக் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்துச் சாயம் அலசினால் போய்விடும்.

பயிற்சியில் இதைக் கேட்டபோதுதான் எங்க தப்பு எனக்குப் புரிந்தது. நாங்க நிறத்தை மட்டும் பார்த்தோம், அதைப் பிடித்து வைக்கிற அடிவேலையைப் பார்க்கலை. கலம்காரி பருத்தித் துணியில் செய்வது, செடியிலிருந்து வர்ற நூல் என்பதால் கடுக்காய் மாதிரித் துவர்ப்பு வேண்டும். பட்டு புழுவிலிருந்து வருது, கம்பளி ஆட்டிலிருந்து வருது. இதுங்களுக்குப் படிகாரமே பெரும்பாலும் போதும். நாங்க கத்துக்கிட்டதை மற்ற குழுக்களுக்கும் உதவட்டும்னு எழுதறேன்.

ஒரு கிலோ பட்டு நூலை முதல்ல சோப்புத் தண்ணியில வேக வெச்சுக் கோந்து எடுக்கணும். எடை கால் பங்கு வரைக்கும் குறையும், பயப்பட வேண்டாம். கோந்து நின்னுட்டா சாயம் திட்டுத் திட்டா ஏறும். அப்புறம் 100 முதல் 150 கிராம் படிகாரத்தை வெந்நீர்ல நல்லாக் கரைச்சு நூலை ராத்திரி முழுக்க ஊற விடணும். மறுநாள் சாயத்துல போட்டு மெதுவாச் சூடேத்தணும். பட்டைக் கொதிக்க விட்டா பளபளப்பு போயிடும். கம்பளியைச் சூட்டிலிருந்து சட்டுன்னு பச்சைத் தண்ணியில போட்டாலோ, போட்டுக் கசக்கினாலோ சுருங்கிக் கட்டியாயிடும். அது தானா ஆறணும். மஞ்சிட்டியை ரொம்பக் கொதிக்க விட்டா சிவப்பு மங்கி மரக்கலர் ஆயிடும்.

மஞ்சள் நிறத்துக்குச் சமையல் மஞ்சளை விட்டுட்டோம். மாதுளம் பழத் தோலும் செண்டுமல்லிப் பூவும் போடறோம். கோயில்லயும் கல்யாண மண்டபத்துலயும் கழிச்சுப் போடற மாலையிலேயே பூ கிடைக்குது. கடுக்காய் ஜவ்வாது மலையிலிருந்து வருது. பாத்திரம் எவர்சில்வரா இருக்கணும். இரும்பு டிரம்மில் காய்ச்சினா மஞ்சள், பாசிப் பச்சை ஆயிடும். ஒரு தடவை அப்படியும் ஆச்சு. அவுரி நீலத் தொட்டியில சுண்ணாம்பு அதிகமானா பட்டும் கம்பளியும் அரிச்சுப் போகும். பருத்திக்குப் போடற தொட்டியிலேயே இதைப் போடக் கூடாது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் பச்சையா வரும், காத்துப் பட்டதும் கண்ணு முன்னாலேயே நீலமா மாறும். ஒவ்வொரு புதுச் சாயத்துக்கும் ஒரு துண்டு நூலைப் பாதி மறைச்சு ரெண்டு வாரம் வெயில்ல கட்டிப் பார்த்துட்டுத்தான் விக்கறோம்.

மறுபடி அம்மா கதைக்கு வர்றேன். அவர் தொழிலாளியைப் பார்த்துப் பாவம் என்று சொல்லி நிற்கவில்லை. செய்கிறவருக்குச் சரியான விலை கிடைக்க வேண்டும், அதற்குக் கடை வேண்டும், கடைக்கு நல்ல சரக்கு வேண்டும் என்று வரிசையாக யோசித்தார். டெல்லியில் மத்திய குடிசைத் தொழில் விற்பனை நிலையத்தை அவருடைய கூட்டுறவு யூனியன் எடுத்து நடத்தியது. மாதிரி வடிவமைப்பு நிலையங்கள் வந்தன. சிறந்த கைவினைஞருக்கு நாட்டின் சார்பில் விருது கொடுக்கும் வழக்கம் 1965 இல் வந்ததிலும் அவர் பங்கு உண்டு. அதற்கு முன் குடத்தைச் செய்தவருக்கும் துணியைச் சாயம் போட்டவருக்கும் பேரே கிடையாது. 1964 இல் உலகக் கைவினை மன்றம் உருவானபோது அதில் முன்னே நின்றார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கைவினை மன்றமும் அதே வருஷம் அவர் உழைப்பில் எழுந்ததுதான்.

1955 இல் பத்ம பூஷண், 1966 இல் ரமோன் மகசேசே விருது, 1987 இல் பத்ம விபூஷண் என்று மரியாதைகள் வந்தன. பதவி தேடிப் போகவில்லை. கைத்தறிப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, வயதான காலத்திலும் கைவினைஞர்களைப் பார்க்க ரயிலேறிப் போய்க்கொண்டே இருந்தார். கைவினை, தரைவிரிப்பு, பெண்கள் போராட்டம் என்று புத்தகங்களும் எழுதினார். 1988 அக்டோபர் 29 அன்று பம்பாயில் காலமானார். வயது 85.

தள்ளி வைத்த கூட்டம் அடுத்த வாரம் கூடியது. நான் இந்தக் கதையைத்தான் என் பாஷையில சொன்னேன். அம்மா 20 வருஷம் அலைஞ்சு செடிச் சாயத்துக்கு ஒரு நம்பிக்கையை உண்டாக்கி வெச்சிருக்காங்க, அந்த நம்பிக்கையாலதான் நம்ம துண்டுக்கு ரெண்டு மடங்கு விலை கொடுக்கறாங்க, பொய் அட்டை ஒட்டினா அந்தப் பானையிலேயே நாம ஓட்டை போடறோம்னு சொன்னேன். போன வாரம் சரின்னு சொன்ன நானே இப்ப வேண்டாம்னு சொன்னதுக்கு ரெண்டு பேர் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன். பாக்கெட் சாயம் போடறதே பாவம்னு நான் சொல்லலை. அதைப் போட்டா அதோட பேரைச் சொல்லி விக்கலாம். பேரை மாத்திச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

ஒன்பது பேர் வேண்டாம்னு கை தூக்கினாங்க. தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஒரு அக்கா கோபத்துல குழுவை விட்டே போயிட்டாங்க. அந்த இடம் இன்னும் காலியா இருக்கு. அவங்க திரும்பி வரணும்னு மனசு கேக்குது. திரும்பி வந்த 31 துண்டையும் அவுரியில முக்கிக் கருநீலமாக்கி, சாயம் நின்னதைச் சோதிச்சு, நடந்ததைச் சொல்லிக் குறைந்த விலைக்குத்தான் வித்தோம். அதுல லாபம் இல்லை, நஷ்டம் கொஞ்சம் குறைஞ்சது. அந்தக் கடைக்காரரே போன தை மாசம் 25 சால்வை கேட்டு வாங்கினார். இன்னும் மூணு தவணை பாக்கி இருக்கு. ஒண்ணுகூட தவறலை.

இப்ப எங்க துண்டு ஒவ்வொண்ணோடயும் ஒரு சின்னச் சீட்டு வைக்கறோம். எந்தச் செடி, எந்த மாசம் போட்ட சாயம், யார் போட்டாங்கன்னு அதுல பேர் எழுதியிருக்கும். எழுதவே தெரியாம இருந்த எங்க பெரியம்மா ஒருத்தங்க அந்தச் சீட்டுக்காகவே தன் பேரை எழுதக் கத்துக்கிட்டாங்க.

கார்த்திகை தீபத்துக்கு வர்ற அக்கா, தங்கச்சிங்க எங்க சாயக் கொட்டகைக்கு ஒரு தடவை வாங்க. எந்தக் குழுவுக்கு இந்தத் தொழில் கத்துக்கணும்னு ஆசை இருக்கோ, எங்களுக்குத் தெரிஞ்சதை மறைக்காமச் சொல்லித் தர்றோம். வரும்போது உங்க வீட்டுல சேர்ந்த மாதுளம் தோலைக் காய வெச்சு ஒரு பையில எடுத்துட்டு வாங்க.